ஊர் எது என்று கேட்டார்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு சரி. மறதியும் உண்டு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீப்பு இறங்குகிறது. போடிமெட்டிலிருந்து கீழே. வளைவுக்கு வளைவு ஹாரன். என் மடியில் வீட்டுக்காரரின் தலை. அவர் நெஞ்சுக்குள் விசில் மாதிரிச் சத்தம். உதடு நீலம்.

"வெரசா போ அப்பு!"

"தலையத் தூக்கிப் பிடி ஆத்தா! மடங்க விடாத!" ஜீப்புக்கார ராசு கத்துகிறான்.

கொரோனா இரண்டாம் தடவை வந்த வைகாசி. வியாழக்கிழமை. காலை. கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் எங்களுக்குச் சோலி. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், குடியிருப்பு. அவருக்கு மூச்சு முட்டியது. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. தேனியில் ஒன்று கிடைத்தது. எல்லையில் கட்டை போட்டு மறித்திருந்தார்கள். கேரளத்து ஆம்புலன்ஸ் செக்போஸ்ட் வரை வரும். அங்கே தமிழ்நாட்டு ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொள்ளும். அப்படித்தான் பேச்சு.

கங்காணி தமிழ்நாட்டு வண்டிக்குப் போன் போட்டார். ஊர் எது என்று கேட்டார்கள்.

"இங்க கொண்டா, நான் சொல்றேன்." வீட்டுக்காரர் போனை வாங்கினார். இழுத்து இழுத்து ஒரே சொல். "சிலமலை."

பொய்யில்லை. எங்கள் வீடு அங்கேதான் பூட்டிக் கிடந்தது. எத்தனை வருசம் மலையில் இருந்தாலும் ஊர் எது என்றால் கீழே இருக்கிற ஊரைத்தான் சொல்வோம். லயத்தை யாரும் ஊர் என்று சொன்னதில்லை.

செக்போஸ்ட் வந்தோம். மறுபக்கம் வண்டி இல்லை. பனிமஞ்சு இறங்கி ரோடு தெரியவில்லை. சைரன் வருகிறதா என்று காது கொடுக்கிறேன். கட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சிலிண்டர் புஸ் புஸ் என்கிறது. வெகுநேரம் நின்றோம்.

"அம்மச்சி, மேலே வேற ரோகி காத்திருக்கு. சிலிண்டரு தரான் பற்றில்லா." சிலிண்டரைத் தர முடியாது என்று கேரளத்து டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். குழாயைக் கழற்றினார்.

கம்பளியில் கிடத்திக் கட்டைக்கு மறுபக்கம் இழுத்தோம்.

"கிட்ட வராத! தள்ளி நில்லு!" போலீஸ்காரர் கத்தினார். பிறகு அவரே கம்பளியின் ஒரு முனையைப் பிடித்தார். காய்கறி லோடு இறக்கிவிட்டு நின்ற ராசுவின் ஜீப்பில் ஏற்றினோம்.

பாதி மலை. கீழேயிருந்து சைரன் ஏறி வருகிறது.

"நிறுத்து! நிறுத்து!"

சைரன் நின்றது. நெஞ்சுச் சத்தமும் நின்றிருந்தது. எது முதலில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் அதுவரை சிலமலையில் எங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, அவங்க மலையிலல்ல இருக்காங்க என்று சொன்ன பிறகுதான் வண்டியைத் திருப்பியிருக்கிறார்கள்.

இனி யாராவது கூப்பிட்டால் ஊரைக் கேட்க வேண்டாம். இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்கச் சொல்லுங்கள்.

போனவர்கள். எங்கள் லயத்தில் மூன்று பேர். அடுத்த வீட்டுப் பாண்டியம்மா. ஏலக்காய் எடை போடும் சுருளி. என் வீட்டுக்காரர். அவர் பேரை வாயால் சொன்னதில்லை, எழுதுகிறேன். மாயாண்டி. கம்பளியையும் எரித்துவிட்டார்கள்.

கிழமை தப்பாக இருக்கலாம். யாராவது விசாரித்துத் திருத்துங்கள். எங்கள் வாசலில் நின்ற அந்த வண்டியில் சிலிண்டர் நிறைந்து இருந்ததா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.