மாதிரியார் எடுத்துச் சென்ற நூலகம்

எனக்குப் புத்தகம் படிக்கும் வழக்கம் இல்லை. நூலகராக இருப்பதற்கு அது தடையாக இருந்ததும் இல்லை. புத்தகங்களை அடுக்குவேன். அடுக்கியது அடுக்கியபடி இருந்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

அந்தத் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் வாசகர்கள். ஒருவர் பக்க ஓரத்தில் ‘உண்மை’ என்று எழுதுவார். இன்னொருவர் அதன் கீழே ‘பொய்’ என்று எழுதுவார். ஒரு பொறியியல் நூலுக்குள் வாழைப்பழத் தோல் இருந்தது, அடையாளத்துக்கு. கேட்ட புத்தகம் இல்லை என்று சொன்னாலும் போகமாட்டார்கள். “போன வாரம் இங்கதான் சார் பார்த்தேன்” என்று அலமாரிக்குள் தலையை விடுவார்கள்.

அதனால் பல்கலைக்கழகம் கம்ப்யூட்டர் வாங்கியபோது மற்ற ஊழியர்கள் பயந்தார்கள். நான் பயப்படவில்லை. எல்லாப் புத்தகங்களுக்கும் பார்கோடு ஒட்டினேன். குமிழ் விழாமல் ஒட்டினேன்.

சாஃப்ட்வேர் கம்பெனி இன்ஜினியர் எனக்குக் கற்றுக்கொடுப்பதற்காக ஒரு பொய் உறுப்பினரை உருவாக்கினார். பெயர், மாதிரி. முகவரி, நூலகத்தின் முகவரியே. “டிரெயினிங் முடிஞ்சதும் இவரைத் தூக்கிடுங்க சார்” என்றார். எனக்கு மனம் வரவில்லை. இதுவரை ஒரு பக்கத்தைக்கூட மடிக்காத ஒரே உறுப்பினர் அவர்.

பின்பு ஒரு பேராசிரியர் அகராதி கேட்டு வந்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுபவர். அதை மாதிரியார் பெயரில் பதிந்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். வெளியே போயிருக்கிறது என்றது திரை. அகராதி என் முழங்கைக்குக் கீழே இருந்தது. பேராசிரியர் திரையைப் படித்தார், தலையாட்டினார், போய்விட்டார். அவ்வளவுதான். நான் சொன்னால் ஒரு மணி நேரம் வாதாடுகிறவர்.

பிறகு ஓர் அலமாரி. பிறகு ஒரு தளம். கம்ப்யூட்டரில் தேடும் வசதி வந்துவிட்டதால் அலமாரிகளுக்கிடையே யாரும் அலைய வேண்டியதில்லை என்று எழுதிக்கொடுத்து, கதவைப் பூட்ட அனுமதியும் வாங்கினேன். நாளடைவில் நூலகம் முழுவதும் மாதிரியாரிடம் இருந்தது. ஒரு புத்தகமும் இடம் மாறவில்லை.

நத்தைகளைப் பற்றி ஆய்வு செய்யும் பெண் மட்டும் தினமும் வந்தாள். அவளுக்கு ஒரே ஒரு புத்தகம் வேண்டும்.

“யாரு சார் அந்த மனுஷன்? ஒரு புக்கை வெச்சுக்கிட்டு உயிரை வாங்குறாரு.”

“பெரியவர்மா. நிதானமாத்தான் படிப்பார்.”

“என் நத்தையே இதுக்குள்ள முடிச்சிருக்கும் சார். மாசக் கடைசிக்குள்ள நான் தீசிஸ் குடுக்கலைன்னா ரெஜிஸ்ட்ரேஷனைக் கேன்சல் பண்ணிடுவாங்க. எனக்காகக் கொஞ்சம் பேசிப் பாருங்களேன்.”

பேசிப் பார்ப்பதாகச் சொன்னேன்.

இதற்கிடையில் துணைவேந்தர் இரவல் கணக்கைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். “கம்ப்யூட்டர் வந்ததும் வாசிப்பு எப்படிப் பிச்சுக்கிட்டுப் போகுது பாருங்க” என்றார். மாதிரியாருக்குச் சிறந்த வாசகர் விருது அறிவித்து, மேடைக்கு அழைத்து வரச் சொன்னார். வேறு வழியில்லாமல் மாதிரியார் காலமாகிவிட்டார் என்றேன். இரங்கல் கூட்டம் வைத்தார்கள். புகைப்படம் கிடைக்காததால் காலிச் சட்டத்தை வைத்தார்கள். வரலாற்றுத் துறைத் தலைவர் தாங்கள் இருவரும் சேர்ந்து காபி குடித்த மாலைகளைச் சொல்லிக் கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண் நேராக நூலகத்தில் என் மேசைக்கு வந்தாள்.

“பாவம்தான் சார். ஆனா புக்கு வீட்லதானே இருக்கும்? அட்ரஸைச் சொல்லுங்க. அவங்க வீட்டுக்காரம்மாகிட்ட நானே பதமாப் பேசி வாங்கிக்கிறேன்.”

நான் யோசிப்பதற்குள் எட்டித் திரையைப் பார்த்துவிட்டாள்.

“இந்த பில்டிங் அட்ரஸ்ல போட்டிருக்கு? இங்கயா குடியிருந்தாரு?” பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “நாளைக்கு வி.சி.யைப் பார்த்துட்டு வந்து பேசுறேன் சார்.”

அன்று மதிய உணவு இடைவேளையில் மாதிரியார் கணக்கில் இருந்த அனைத்தையும் அவள் கணக்குக்கு மாற்றினேன். இறந்தவர் பெயரில் இரவல் நிற்கக் கூடாது என்பது விதி. கேட்டுக்கொண்டே இருந்தவளும் அவள்தான்.

மறுநாள் துணைவேந்தர் அவளைத் திரையின் முன் நிறுத்தினார். “ஒரு நூலகத்தையே எப்படிம்மா தூக்கிட்டுப் போன?” விடுதி அறையைச் சோதித்தார்கள். ஒரு கட்டில், ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நத்தைகள். எங்கோ நன்றாகப் பதுக்கியிருக்கிறாள் என்று முடிவு செய்தார்கள். அவள் பதிவை ரத்து செய்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மேல்தளத்தில் குழாய் கசிந்து, இந்த விளக்கத்தைக் கேட்கும் நிர்வாகக் குழுவினராகிய நீங்கள் கதவை உடைத்து உள்ளே போய், எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள். நான்தான் செய்தேன். அவள் ஒரு தவறும் செய்யவில்லை. அவளுக்கு நீங்கள் மறுபடி அவகாசம் கொடுத்தது நியாயமே.

அந்த மென்பொருள் எனக்கு மட்டுமே தெரியும் என்பதால், தவறான பதிவுகளை நீக்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தீர்கள். நீக்கிவிட்டேன். ஒன்றைத் தவிர. அந்த நத்தைப் புத்தகம் வண்ணப் படங்கள் கொண்டது. யாரும் இதுவரை விரித்துக்கூடப் பார்க்காதது.

இன்று காலை அவள் வந்தாள். “இப்பவாவது குடுங்க சார்” என்றாள். திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

“அது உங்ககிட்டதான்மா இருக்கு” என்றேன். வீட்டில் ஒருமுறை நன்றாகத் தேடிப் பார்க்கச் சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன்.