நாற்பத்தோரு சாவி

ஹலோ… அக்கா, நான்தான். பாத்ரூம்ல இருந்து பேசறேன்…

இல்ல இல்ல, வயிறு நல்லாத்தான் இருக்கு. என்னை உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டேன்… நானேதான். சாவியையும் கதவுக்கு அடியில வெளியே தள்ளிட்டேன்…

ஆமா… ஆமா. கோபம்தான்… பாப்பாவத் தொடலக்கா. சத்தியமா தொடல.

என்ன பண்ணாளா? லாட்ஜுக்கு நாப்பது சாவி வெட்டி, ஒவ்வொண்ணுலயும் ரூம் நம்பர் அட்டை கட்டி வச்சிருந்தேன். நாலு நாள் வேலை. சாயங்காலம் கொடுக்கணும். உன் மருமக அட்டையெல்லாம் பிச்சுப் போட்டுட்டு, சாவிய மாலையா கோர்த்துப் பூனைக்குப் போட்டிருக்கா…

சிரிக்காத. பூனை எந்திரிக்க முடியாம உட்கார்ந்திருக்கு… சரி, கொஞ்சம் சிரிச்சுக்கோ.

இப்ப கேளு. என் கை தானா பெல்ட்ட உருவிடுச்சு. முஷ்டியில ரெண்டு சுத்தும் சுத்திடுச்சு. நம்ம அப்பா சுத்துவாரே, பக்கிள் வெளியே தொங்கற மாதிரி… ம்… ம்… உனக்கு மறக்குமா.

இவ என்னடான்னா, "குளிக்கப் போறியாப்பா?"ன்னு டவல் எடுத்துட்டு வர்றா… ஆமா, டவல். பெல்ட்ட அங்கேயே போட்டுட்டு உள்ள ஓடி வந்துட்டேன். ஜெயில்ல அந்த டாக்டரம்மா சொன்னாங்கல்ல, கை ஓங்குச்சுன்னா நடுவுல ஒரு கதவு இருக்கட்டும், யாருக்காவது போன் பண்ணுன்னு…

முன்ன வேலை பார்த்த இடத்துல அந்த சூப்பர்வைசரா? அவன் கைய ஓங்கினதும் எனக்கு அப்பாதான் தெரிஞ்சார். தாடைய உடைச்சுட்டேன். சாக்கு சொல்லல, உடைச்சது நான்தான். ரெண்டு வருஷம் உள்ள இருந்தேன்…

அழாதக்கா. சின்ன வயசுல அப்பா அடிக்க வர்றப்ப, தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூம் கதவ நீதானே முதுகால அழுத்திப் பிடிச்சுப்ப. நான் வாளிக்குப் பின்னால. பூட்டு வேலைக்கு வேற எதுக்கு வந்தேன்… இப்ப என் பொண்ணுக்கு நான்தான் கதவுக்கு அந்தப் பக்கத்து ஆளு. வெளியே போகவே பயமா இருக்கு.

ம்… சரி… சரி, மூச்சு விடறேன்… விட்டுட்டேன்… தேவலாம்.

இரு. பாப்பா, குளிச்சாச்சு. அந்தச் சாவிய உள்ள தள்ளு… என்னது?

அக்கா, அதையும் மாலையில கோர்த்துட்டாளாம்… சிரிக்காதன்னேன்ல. இந்தப் பூட்டும் லாட்ஜ் பெட்டியில எடுத்ததுதான், சாவியெல்லாம் ஒரே சாடை. ஒவ்வொண்ணா தள்றா… இது சேரல. அடுத்தது, பாப்பா… ம்ஹூம். பூட்டுக்காரனுக்கு வந்த சோதனையப் பாரு…

பாப்பா, இது சாவி இல்லடா.

…

இருக்கேன்க்கா. லைன்லதான் இருக்கேன். பெல்ட்ட தள்றா. குளிச்சாச்சுல்ல, போட்டுக்கணுமாம். பேண்ட் நழுவிடுமாம்…

இல்லக்கா, அவ பயப்படல. பெல்ட்டுன்னா அது ஒண்ணுக்குத்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கா…

ஆமா… ஆமா. அப்படியே இருக்கட்டும்.

வச்சுடறேன். இன்னும் முப்பத்தொம்பது சாவி பார்க்கணும்.