பட்டைக்குள் இருக்கும் சத்து

திருத்தணி முருகனுக்குக் காணிக்கை செலுத்த ஆம்பூரில் ரயில் ஏறினேன். எதிர்ப் பலகையில் ஒரு தோல் பதனிடும் மேஸ்திரியும், காலேஜில் ரசாயனம் படித்த அவருடைய மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் பேச்சைக் கேட்டு, இந்த முறை ஆவாரம்பட்டைக்குப் பதிலாகக் கப்பலில் வந்த ஏதோ பட்டையைத் தோல் ஊறும் குழியில் போட்டிருந்தாராம் மேஸ்திரி. தோல் கெட்டிருந்தால் வேலை போய்விடும். மாதிரித் துண்டு ஒன்றை முதலாளிக்குக் காட்ட எடுத்துப் போகிறார்கள்.

"சத்து, சத்துன்னு கண்ணால பாக்காததுக்குப் பேரு மட்டும் வச்சிட்டீங்க, மச்சான்."

"ரெண்டு பட்டையிலயும் ஒரே சத்துதான் மாமா. அதான் தோல பதமாக்குது. வேணும்னா அறுத்துப் பாருங்க."

"ஆளுங்க எதிர்ல அறுக்க பயமா இருந்திச்சி. நடுவுல வெள்ளக் கோடு தெரிஞ்சா அது இன்னும் பச்சத் தோலுதான்."

"இங்க ஆளுங்க இல்லியே."

மேஸ்திரி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை அறுத்தார். முருகா என்று நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"கண்ணத் தொறங்க மாமா. மேல இன்னா நெறமோ, நடுவுலயும் அதே நெறம்."

மேஸ்திரி பார்த்தார், முகர்ந்தார், மறுபடியும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சத்து உள்ள போயிருக்குதுன்னு இப்பவாவது ஒத்துக்கறீங்களா?"

"நெறத்தப் பாத்தேன். சத்தப் பாக்கல. தோலு நல்லா ஆயிருக்குது, அவ்ளோதான்."

"அப்ப அடுத்த குழிக்கு?"

"அதே பட்டதான்."

"சத்த நம்பாம, வேற எத நம்பிப் போடுவீங்க?"

"உங்கள நம்பித்தான். உங்களக் கண்ணால பாக்கறேனே."