உள்ளறை நிலையாக உள்ளது

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் நன்றாக இருக்கும். முழுவதும் வேண்டாம், தெருச் சத்தம் உங்கள் பதிவில் விழும். சின்ன அறை, மூன்று பேர் இருக்கிறோம், கதவும் மூடியிருக்கிறது. இப்படி இருந்தால் காற்று சீக்கிரம் கனத்துவிடும். உங்களுக்குத் தெரியாது. எனக்கு நெற்றிப்பொட்டில் லேசாக அழுத்தும். நன்றி.

நேற்றிலிருந்து ஒரே கேள்வியை நீங்கள் வெவ்வேறு விதமாகக் கேட்கிறீர்கள். பதில் சொல்ல நான் மறுக்கவில்லை. வரிசையாகச் சொல்ல விடுங்கள் என்றுதான் கேட்டேன். முடிவை முதலில் எழுதிவிட்டால் பின்னணியை யாரும் படிப்பதில்லை. இது என் தொழில் எனக்குக் கற்றுத் தந்தது.

என் தொழில் அறிக்கை எழுதுவது. ஓர் இடம் உலகத்துக்கே பொதுவான சொத்து என்று பட்டியலில் சேர்ந்துவிட்டால், அதை எப்படி வைத்திருக்கிறோம் என்று அந்த நாடு பன்னாட்டுக் குழுவுக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் குகைக்காக எழுதியவள் நான். குழுவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் குகையைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்தது என் வாக்கியங்களைத்தான். ஒருவகையில் குகையே என் வாக்கியங்களில்தான் நிற்கிறது என்று ஒருநாள் கணவரிடம் சொன்னேன். “அப்ப மழை பெஞ்சா நீதான் ஒழுகணும்” என்றார்.

குகையின் வெளிக்கூடம் பெரியது. அதன் பின்சுவரில் குனிந்து நுழைய ஒரு வாயில். அதற்கு அப்பால் உள்ளறை, ஒரு சமையலறை அளவுதான் இருக்கும். கூரை முழுக்க மீன்கள். தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தால், நாம் குளத்தின் அடியில் கிடக்க, மீன்கள் நம்மைக் கண்டுகொள்ளாமல் தலைக்கு மேலே போய்க்கொண்டிருப்பதுபோல் தோன்றும். எங்களுக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது அந்த அறைக்காகத்தான்.

பிறகு மீன்களின் வயிற்றில் சாம்பல் படலம் வர ஆரம்பித்தது. பார்வையாளர்களின் மூச்சுதான் காரணம் என்றார்கள் நிபுணர்கள். குழு எங்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புத் தந்தது. உள்ளறைக்குக் காற்றுப் புகாத கதவு போட வேண்டும். மூடிய நாளிலிருந்து குழுவின் கூட்டம் வரைக்கும் ஒருமுறைகூடத் திறக்காமல் உள்காற்றின் அளவீடுகளை அனுப்ப வேண்டும். இடையில் திறந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எங்களிடம் அதற்கு நாள் இல்லை. தவறினால் ஆபத்துப் பட்டியல், அடுத்தது நீக்கம். அந்த ஊரில் விடுதி வைத்திருப்பவர், வண்டி ஓட்டுபவர், மீன் படம் அச்சடித்த பை விற்பவர் எல்லாருக்கும் சோறு போட்டது அந்தக் கூரைதான். இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அளவெடுக்க உள்ளே ஒரு கருவி வைத்தோம். கரியமில வாயுவையும் ஈரத்தையும் அளக்கும். அலுவலகத்தில் அதற்கு மூச்சுப்பெட்டி என்று பெயர். அது அளப்பது கம்பி வழியாக வந்து என் கணினியில் ஒரு கோடாக ஓடும்.

இனிப் பஞ்சக்காவைப் பற்றிச் சொல்கிறேன். ஓவியங்களைச் சுத்தம் செய்பவர். கைப்பையிலும் புடவைத் தலைப்பிலும் காதோர முடியிலும் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும், அதனால் அந்தப் பெயர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். என்னை “அறிக்கை” என்றே கூப்பிடுவார். கதவுத் திட்டத்தை அவர் ஒருவர்தான் எதிர்த்தார்.

“மூச்சு பட்டா கெட்டுடுமாம். மூச்சு விட்டவன்தானடி வரைஞ்சான்? செத்தவனா எழுந்து வந்து வரைஞ்சான்?”

“அக்கா, இதை அப்படியே எழுத முடியாது.”

“நீ எங்க எழுதப்போற? ‘சற்றே’, ‘ஓரளவு’, ‘பெரும்பாலும்’. உன் அறிக்கையைத் துணி மாதிரி முறுக்கிப் பிழிஞ்சாலும் ஒரு சொட்டு வராது.”

அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் கிடையாது. பாறையின் ஈரத்தை உள்ளேயே அடைத்தால் படலம் இன்னும் வளரும் என்று அவர் தனியாக ஓர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். குழுவுக்கு அனுப்பலாமா என்று இயக்குநர் என்னைக் கேட்டார். குழப்பம் வரும் என்றேன். அக்கா சொன்னது சரியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நாடு இரண்டு குரலில் பேச முடியாது.

கதவை மூடிய அன்று அக்கா விடுப்பில் போவதாக இருந்தது. வெளியூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தோம். மீன்களிடம் சொல்லிக்கொள்ளப் போயிருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. உள்ளே கால் வைத்தால் தூசி கிளம்பும் என்பதால் வாசலில் நின்றபடியே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்தேன். “யாராவது இருக்கீங்களா” என்று கூப்பிடவும் செய்தேன். அறை இடப்பக்கம் வளைந்து ஒரு குழிவில் முடிகிறது. அந்தக் குழிவில் அவர் மல்லாந்து படுத்திருந்திருக்கிறார். வேலை நேரத்தில் காது மெஷினைக் கழற்றிவிடுவது அவர் வழக்கம். மீனைப் பார்க்கும்போது மனுஷங்க பேச்சு எதுக்கு என்பார்.

கதவின் உட்பக்கம் கைப்பிடி இல்லை. உள்ளே யாரும் இருக்கப்போவதில்லை என்பதால் வைக்கவில்லை. இயக்குநர் கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்துக்கொண்டோம்.

இதுவரைக்கும் நடந்தது தவறு. அதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

மறுநாள் காலையில் கணினியைத் திறந்தேன். மூடிய அறையில் கோடு தட்டையாகப் போக வேண்டும். அது ஏறிக்கொண்டிருந்தது. பாறை அப்படி ஏற்றாது. சீராக ஏறும் கோட்டின்மேல் சின்னச் சின்ன மேடுகள், ஒரே அளவில், கொஞ்சம் இடைவெளி விட்டு, திரும்பத் திரும்ப. பிறகு மேடுகள் நின்று கோடு மெதுவாகியிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன். ஒரு நிம்மதி வந்தது.

ஆமாம், யார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

குகை இருக்கும் மலைக்குப் போனேன். கீழ் வாசலில் காவலர் உட்கார்ந்திருந்தார்.

“உள்ள பூட்டியாச்சு. இனிமே நான் எதைக் காக்கறது மேடம்?”

“பூட்டை.”

“அது ஓடியா போகப்போகுது?” என்று சிரித்தார்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடாது என்று நான் நினைக்கவில்லை, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. யாரையும் மேலே விட வேண்டாம் என்று நினைவூட்டினேன், அது ஏற்கெனவே இருந்த உத்தரவுதான். வெளிக்கூடத்தின் ஓரத்தில் அக்காவின் செருப்பு இருந்தது. இடது வார் பின்னூசியால் குத்தியிருந்தது. மழைச்சாரல் அடித்தால் நனைந்துவிடும். எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

திறக்கக்கூடாது என்று நான் ஒருபோதும் முடிவெடுக்கவில்லை. இப்போதே வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாக யோசிக்கலாம் என்று. அதற்குப் பிறகு இயக்குநர் வந்துவிட்டார்.

“என்னம்மா, ஏறுது?”

“மூடின புதுசுல கொஞ்சம் ஏறும் சார். அப்புறம் நின்னுடும்.”

“நிச்சயமா நிக்குமா?”

“நிச்சயமா நின்னுடும் சார்.”

தங்கை போன் செய்தார். அக்கா இன்னும் வந்து சேரவில்லையே என்றார். மூடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன் என்றேன். அப்படித்தானே நினைத்தேன்? “எந்தக் குகையில போய் உக்காந்துட்டாளோ. முன்னாடியும் ரெண்டு தடவை இப்படிப் பண்ணியிருக்கா. வரட்டும், வாசல்லயே நிக்க வெச்சுக் கேக்கறேன்” என்று அவரே திட்டிவிட்டு வைத்துவிட்டார். பிறகு புகார் கொடுத்தார்கள், தேடினார்கள். பேருந்து நிலையத்தில் தேடினார்கள், ஆற்றில் தேடினார்கள். பூட்டி முத்திரை வைத்த அறையில் யார் தேடுவார்கள்?

கோடு நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. “மூடியபின் தொடக்கத்தில் சற்றே உயர்ந்த அளவீடு, தற்போது நிலைபெற்றுள்ளது” என்று எழுதினேன். குழுவின் கூட்டத்தில் மற்ற நாடுகள் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி என்று எங்களைச் சொன்னார்கள். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் நடுவில் விட்டு விட்டு, ஒரே இடைவெளியில் விழுவதுபோல் எனக்குக் கேட்டது. எழுந்து வெளியே போய் நின்றேன்.

கோடு இறங்கிய சில நாட்களிலேயே உள்ளறையின் ஈரம் கூடியது, வாயுவும் லேசாகக் கூடிப் பிறகு தணிந்தது. இயற்கைக் காரணம் என்று எழுதினேன். இயற்கைதானே.

வீட்டுக்கும் ஒரு மூச்சுப்பெட்டி வாங்கினேன். படுக்கையறைச் சுவரில் மாட்டினேன். “இனி மூச்சு விடறதுக்கும் உன்கிட்ட அனுமதி வாங்கணும் போலிருக்கே” என்றார் கணவர். அவருக்கு வேலை வேறு ஊரில், வார இறுதியில்தான் வருவார். மற்ற நாட்களில் நான் தனி. ஒருத்தி தூங்கும் அறையில் அளவு எவ்வளவு ஏற வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டி இரண்டு பேருக்கான அளவைக் காட்டியது. கடையில் கொடுத்துப் பார்த்தேன், பழுதில்லை என்றார்கள். வேறொன்று வாங்கினேன். அதுவும் இரண்டு பேர் என்றது. ஒருநாள் மூச்சை அடக்கிக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன், என்னால் முடிந்த மட்டும். அப்போதும் எண் ஏறியது. அதற்குப் பிறகு கூடத்தில் படுக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

இப்போது நிபுணர்கள் வந்து கதவைத் திறந்துவிட்டார்கள். படலம் கூரை முழுக்கப் பரவிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் அக்கா சொன்னதுதான் சரி. அதை என் பெயரிலேயே பதிவு செய்யுங்கள், எனக்கு மறுப்பில்லை.

நீங்கள் கேட்பது அந்த ஒரு வரியைப் பற்றி. “கதவின் அடிப்பகுதியில் காணப்பட்ட சிறு கசிவு அடைக்கப்பட்டது.” அடைப்பு வெளிப்பக்கமிருந்து பூசப்பட்டிருக்கிறது, யார் பூசியது என்கிறீர்கள். நான்தான். அறிக்கையில் இல்லாத எதையும் நான் செய்யவில்லை.

மூன்றாம் நாள் கோடு திடீரென்று வளைந்து இறங்க ஆரம்பித்தது. முடிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் முடிந்திருந்தால் கோடு தட்டையாகும், அத்தனை வேகமாக இறங்காது. அப்படி இறங்கினால் எங்கோ வெளிக்காற்று போகிறது என்று அர்த்தம். கசியும் கதவைக் குழு ஏற்றுக்கொள்ளாது. விரிசல் அடைக்கும் பசையை எடுத்துக்கொண்டு மதிய வெயிலில் மலை ஏறினேன்.

கதவின் கீழ்விளிம்பில் ரப்பர் வெளியே தள்ளப்பட்டிருந்தது. படலம் சுரண்டும் சிறு கத்தி அக்காவிடம் எப்போதும் இருக்கும், அதனால் உள்ளிருந்தே குடைந்திருக்கிறார். அந்த இடைவெளியில் இரண்டு விரல்நுனிகள் தெரிந்தன. நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பும் ரத்தமும். நான் குனிந்து உட்கார்ந்தேன். உள்ளிருந்து வந்த காற்று என் மணிக்கட்டில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

“யாரு?” என்றார். குரல் மிகவும் சின்னதாகிவிட்டிருந்தது.

“நான்தான்கா.”

“வந்துட்டியா. நீ வருவேன்னு தெரியும்டி.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “அந்தப் பெட்டி மேலயே ஊதி ஊதி விட்டேன். விட்டு விட்டு ஊதினேன். வேற யாருக்குப் புரியலைன்னாலும் உனக்குப் புரியும்னு.”

“புரிஞ்சுதுக்கா.”

“தண்ணி கொண்டாந்தியா?”

“கையைக் கொஞ்சம் உள்ள எடுத்துக்கோங்கக்கா.”

“சரி, சரி. மெதுவாத் திற” என்று விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ரப்பரைத் தள்ளிப் பொருத்தினேன். பசையை ஒரே சீராகப் பூசி, மேடு தெரியாமல் கட்டைவிரலால் நீவிவிட்டேன். காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அவரைத் தனியாக விட்டுவிட்டு வரவில்லை.

நீங்கள் அதற்கு வேறு பெயர் வைக்கிறீர்கள். வையுங்கள். ஆனால் நான் அவரை வற்புறுத்தவில்லை, அவர் கையைத் தொடக்கூட இல்லை. ஒரே ஒரு தடவை சொன்னேன், அதுவும் மரியாதையாக. அவருக்குச் சம்மதம் இல்லையென்றால் கையை எடுத்திருப்பாரா, நீங்களே சொல்லுங்கள்.