பாட்டு நின்ற பிறகு

விசிலை நான் வாரம் ஒருமுறை வெந்நீரில் கழுவுவேன். எச்சில் காய்ந்து உள்ளே ஒட்டிக்கொண்டால் சத்தம் பிசிறடிக்கும். பிசிறடிக்கிற விசிலை ஆட்டக்காரர்கள் மதிப்பதில்லை. மற்ற நாட்களில் எனக்கு நாமக்கல்லில் கோழித்தீவனக் கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கபடி நடுவர். பத்தொன்பது வருடமாக விருப்பத்துக்காகச் செய்கிறேன். செங்கோட்டையன் சார் நின்றால் தகராறு வராது என்று ஆத்தூர் வரைக்கும் சொல்வார்கள். விசாரித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

பூபதியைப் பற்றிக் கேட்டீர்கள். முறையாகவே சொல்கிறேன்.

கபடியில் நடுவருக்குச் சிக்கலான இடம் லாபி. ஆடுகளத்தின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற பட்டை அது. பாடி வருகிறவன் எதிரணியில் ஒருவனைத் தொட்ட பிறகுதான் அதில் கால் வைக்கலாம். முன்னால் வைத்தால் அவுட். தொட்டது முந்தியா, கால் முந்தியா என்பதைக் கண் இமைக்கிற நேரத்தில் சொல்ல வேண்டும். போன வருடம் நாமகிரிப்பேட்டை இறுதி ஆட்டத்தில் பூபதிக்கு அவுட் கொடுத்தேன். அவன் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அன்றே மறந்திருப்பேன். கூட்டத்தில் யாரோ படம் பிடித்த செல்போனை வாங்கிவந்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

“சார், கோவிச்சுக்காதீங்க. ஒருவாட்டி பாருங்க. தொட்டதுக்கு அப்பறந்தானுங்க கால் வெச்சேன்.”

படத்திலும் அப்படித்தான் இருந்தது. விழாக் கமிட்டிக்காரர் என் முடிவை மைக்கில் மாற்றி அறிவித்தார். “நடுவருக்குக் கொஞ்சம் கண்ணு மங்கலுங்க” என்றும் சேர்த்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த என் மகள் கிருத்திகாவும் சிரித்தாள். பூபதி மட்டும் சிரிக்கவில்லை. என் தோளைத் தொட்டு, “உடுங்க சார், எல்லாருக்கும் வாரதுதானுங்க” என்றான்.

அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்த பண்ணைக்காரர்கள் மூட்டையில் போட்டிருக்கும் எடையை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். நானும் படித்தேன். நான் கோபக்காரன் அல்ல.

இந்த மாசியில் பனமரத்துப்பட்டி ஏரியோரத்தில் ஆட்டம். மாலை நாலு மணி, நல்ல வெளிச்சம். பூபதி பாடி வந்து ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, தமிழரசு என்பவன் பின்னாலிருந்து பாய்ந்து அவன் கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்தான். இன்னும் ஐந்து பேர் மேலே விழுந்தார்கள். கழுத்தைப் பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றேன். ஊதவில்லை.

கபடி கபடி என்ற சத்தம் முனகலாகி, பிறகு நின்றது. பாட்டு நின்றால் அவுட். நடுவர் விசில் ஊத வேண்டும். விசில் கேட்டதும் பிடித்தவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். இதைவிடச் சுலபமான முடிவு கபடியிலேயே இல்லை.

தமிழரசு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். “சார், பாட்டு நின்னுருச்சுங்க.”

அவன் கை தளர்வதைப் பார்த்தேன்.

“பாடிட்டுத்தான் இருக்கான். எனக்குக் கேக்குது. புடிய உடாத” என்றேன்.

தமிழரசு ஒழுக்கமான ஆட்டக்காரன். மறுபேச்சுப் பேசாமல் இறுக்கினான். பூபதியின் உள்ளங்கை மண்ணில் மூன்று முறை தட்டியது. போதும் என்று சொல்கிறான் என எனக்குப் புரிந்தது. மேலே கிடந்தவர்கள் ஒரு பக்கமாகச் சரிந்தபோது அவன் கழுத்து அவர்களோடு திரும்பியது. முப்பதாவது வினாடியில் விசில் ஊதினேன். ஒருவன் பாடிவர விதி தருகிற நேரம் அவ்வளவு. அதற்கு மேல் ஒரு வினாடிகூட நான் எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் விலகியதும் அவன் கண்ணைத் திறந்தான். “சார், என்ற கையி எங்கிருக்குதுன்னே தெரீலீங்க” என்றான். நான் குனிந்து அவன் தோளைத் தொட்டேன். “உடு பூபதி, எல்லாருக்கும் வாரதுதான்” என்றேன்.

மூன்றாம் நாள் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். துக்கம் கேட்கப் போனேன். அவன் அம்மா பொன்னாத்தாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீங்க பக்கத்துல நின்னும் என்ற பையனக் காப்பாத்த முடியலையே, சாமி” என்று அழுதார். கூட்டத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று ஆறுதல் சொன்னேன். அவர் எனக்குக் காப்பி போட்டுத் தரச் சொன்னார். குடித்தேன்.

இப்போது தமிழரசு தானாகவே வந்து, பூபதியைத் தானே கொன்றதாக எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். பிடியை விடாதே என்று நான் சொன்னது அந்தத் தாளில் இல்லவே இல்லை. பாட்டு நின்றதா என்று கேட்டால், நடுவர் பொய் சொல்லமாட்டார், தன் காதுதான் சரியாகக் கேட்கவில்லை என்கிறானாம். நீங்களும் என்னைச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள்.

மன்னிக்க வேண்டும், ஐயா. இதில் கையெழுத்துப் போட முடியாது. தமிழரசு மேல் இரக்கப்பட்டு நான் இதைச் சொல்லவில்லை. அவன் பிடித்தான், பிடிப்பது ஆட்டக்காரன் வேலை. முடிவு சொல்வது நடுவர் வேலை. பாட்டு நின்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பூபதி எழுந்திருக்கக் கூடாது என்று நான்தான் முடிவு செய்தேன். அதை இன்னொருவன் பெயரில் எழுதுவது முறையாகாது. என் பெயரைப் போடுங்கள். மற்றபடி அன்றைய ஆட்டத்தில் நான் கொடுத்த தீர்ப்பு ஒன்றுகூடத் தவறில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.