பழைய கார்டு எங்க, சார்?

தேவதாசன்: கன்வேயர் பேனல்ல புது சர்க்யூட் கார்டு போட்டாச்சு, பச்சை லைட்டும் எரியுதுன்னு சொல்லுத. பிறகும் கன்வேயர் ஓடலைன்னா என்ன அர்த்தம், செல்வி?

செல்வி: பச்சை லைட் கரண்ட் வருதுன்னு மட்டுந்தான் சொல்லும், சார். பக்கத்துல சிவப்பு ஒண்ணு மினுக்கிக்கிட்டே கிடக்கு. 'நான் யாருன்னு எனக்கே தெரியல'ன்னு அர்த்தம்.

தேவதாசன்: கார்டு தத்துவம் பேசுதாக்கும்.

செல்வி: கார்டு ஓரத்துல எட்டு குட்டி சுவிட்ச் இருக்குல்லா... எது மேல, எது கீழங்கிறதுதான் அதுக்கு வீட்டு நம்பர். புதுசா வரும்போது எட்டும் கீழ பார்த்துத்தான் இருக்கும். பழசைப் பார்த்து அதே மாதிரி வச்சாத்தான் கண்ட்ரோல் ரூம் இதை ஒரு ஆளா மதிக்கும். பழைய கார்டு எங்க, சார்?

தேவதாசன்: அந்த நம்பர் டிராயிங்ல இருக்கும், பாரு.

செல்வி: அது பதினஞ்சு வருசத்துக்கு முந்தி போட்டது. அதுக்குப் பிறகு ரெண்டு கன்வேயர் கூடிட்டு, நம்பரெல்லாம் மாறிட்டு. யாரும் எழுதி வைக்கல.

தேவதாசன்: மெயின்டனன்ஸ் மேனேஜரா வந்த அன்னைக்கே சொன்னேன். ஆவணங்களே பராமரிப்பின் முதுகெலும்புன்னு.

செல்வி: அதை போர்டுல எழுதி மாட்டிட்டோம் சார். நம்பரைத்தான் எழுதல.

தேவதாசன்: சரி... எட்டு சுவிட்ச்தான. ஒவ்வொண்ணா மாத்திப் பாரேன்.

செல்வி: இருநூத்தம்பத்தாறு விதமா வைக்கலாம். தப்பிப்போய் பக்கத்து கன்வேயர் நம்பர் விழுந்துச்சுன்னா, இங்கன ஸ்டார்ட் அமுக்கினா அங்கன ஓடும். அதுமேல ஆள் நின்னா?

தேவதாசன்: சரி, அது வேண்டாம்.

செல்வி: நிலக்கரிக் கப்பல் காலையில இருந்து சும்மா நிக்கி. பழைய கார்டை நேத்து நீங்கதான கழத்துனிய. சார் கையில ஸ்க்ரூடிரைவரை நாங்க பார்த்ததே நேத்துதான்.

தேவதாசன்: தலைமைன்னா முன்னால நின்னு செய்யணும்.

செல்வி: எங்களை எல்லாம் டீ குடிக்க அனுப்பிட்டு முன்னால நின்னிய.

தேவதாசன்: கதவைச் சாத்து, ஏசி வெளிய போகுது. அந்தக் கார்டு... உப்புக்காத்து அரிச்ச குப்பை. ரிப்போர்ட்டே அனுப்பியாச்சு. 'கடலோரக் காற்றின் நெடுநாள் தாக்கம்'னு.

செல்வி: கதவுல ரப்பர் போட்ட பேனலுக்குள்ள உப்புக்காத்து எப்படிப் போச்சுன்னு ஹெட் ஆபீஸ்ல கேட்டாவளாம்லா. கார்டு கெடுறதுக்கு முந்தி கடைசியாத் திறந்தது யாருன்னு சாவி ரிஜிஸ்டரைப் பார்த்தா வெள்ளத்துரை பேரு. போன வாரம் ஆயுத பூசை அன்னைக்கு. கேட் பாஸை மூணு மணிக்கு ஒப்படைன்னு காண்ட்ராக்டர் சொல்லிட்டாரு.

தேவதாசன்: அது... விசாரணை. ஒரு நடைமுறை.

செல்வி: காண்ட்ராக்ட் எலக்ட்ரீசியனுக்குப் பாஸ் போனா திரும்பி வராது சார். உங்களுக்குத் தெரியாததா.

தேவதாசன்: அவன் என்ன சொல்லுதான்?

செல்வி: கேட் பக்கத்துல முழங்காலைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். 'ஏலே, எதுக்குத் திறந்த?'ன்னு கேட்டேன். 'சாமி காரியம், விடுங்கக்கா'ங்கான். அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டுக்கான்.

தேவதாசன்: அந்த டிபன் பையை இப்படி நீட்டு, கீழ வச்சிக்கிடுதேன்.

செல்வி: சார், உங்க டிபன் பையில சந்தன வாசம் அடிக்கு.

தேவதாசன்: சோப்பு.

செல்வி: டிபன் பைக்குள்ளயா?

தேவதாசன்: சரி, உள்ள இருக்க பொட்டலத்தை மெதுவாப் பிரி. அந்தத் தாளைக் கிழிச்சிராத, எங்க சபைப் பத்திரிகை.

செல்வி: ஆத்தீ. கார்டு நடுவுல இம்புட்டுப் பெரிய சந்தனப் பொட்டு. அதுமேல குங்குமம். யாரு வச்சது?

தேவதாசன்: நான்தான்.

செல்வி: நீங்களா...

தேவதாசன்: சூடம் காட்டி முடிச்சதும் வெள்ளத்துரை தட்டை நீட்டி, முதப் பொட்டு நீங்க வைங்க சார்ன்னான். நான் நாசரேத்துக் கிறிஸ்தவன், சபைக் கமிட்டியில வேற இருக்கேன். மாட்டேன்னா அறுபது பேரு முகம் வாடிப்போகும். சரி, செய்யுதை மரியாதையாச் செய்வோம்னு... எல்லாரும் கதவுக்கு வைப்பாவளாம். எனக்கு அது விருந்துக்கு வந்துட்டு வாசலோட திரும்பின மாதிரி இருந்துச்சு. உள்ள இருக்கதுதான வேலை பாக்குது, திறடேன்னுட்டேன்.

செல்வி: நாங்க கதவுக்குத்தான் வைப்போம் சார். மெசினுக்குள்ள யாரும் கையை விட மாட்டோம்.

தேவதாசன்: எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளத்துரை 'உள்ளயா சார்?'னு ஒரு தடவை இழுத்தான். நான் போட்டோவுக்கு முகத்தை வச்சிக்கிட்டு நின்னேன், கேட்டுக்கிடல. பின்னால நின்னவங்களுக்குக் கதவு மறைச்சிட்டு.

செல்வி: பன்னீர்ல குழைச்ச சந்தனம்... ஈரம் இறங்கி செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. ஷார்ட் ஆகாம என்ன செய்யும்.

தேவதாசன்: துடைச்சுப் பார்த்தேன், கறை போகல. இது தெரிஞ்சா இனிமே பூசையே கூடாதுன்னு சர்க்குலர் வரும், உங்க மனசு நோகும்னுதான் மறைச்சேன்... இல்ல, பொய். என் பேருக்குத்தான் பயந்தேன். மணி என்ன?

செல்வி: ரெண்டு நாப்பது.

தேவதாசன்: அந்த லேப்டாப்பை இங்கன தள்ளு. 'பேனலைத் திறக்கச் சொன்னவன் நான். கார்டில் பொட்டு வைத்தவன் நான். வெள்ளத்துரைக்கு இதில் பங்கில்லை.' பிறகு, 'பிற சமயங்களின்பால் நான் கொண்ட ஆழ்ந்த நல்லெண்ணத்தின் விளைவாக'ன்னு ஒரு வரி...

செல்வி: மூணு வரி போதும் சார்.

தேவதாசன்: போதும்ங்கிறியா? சரி... அனுப்பியாச்சு. இரு, காண்ட்ராக்டருக்கும் பேசிருதேன்... அலோ, தேவதாசன் பேசுதேன். வெள்ளத்துரை பாஸை வாங்காதீங்க. தப்பு என்னோடது. மெயிலைப் பாருங்க, வெளக்கமா இருக்கு... ஆமா, நானேதான். வச்சிருதேன்.

செல்வி: சிரிச்சாரா?

தேவதாசன்: ரெண்டு தடவை. பரவால்ல. இந்தா, கார்டைக் கொண்டுபோய் சுவிட்சைப் பார்த்து வை. கப்பல் நிக்குதுல்லா, ஓடு.

செல்வி: சார்... கோவப்படக் கூடாது. பூசை போட்டோ நம்ம குரூப்புல கிடக்குல்லா. நீங்க பொட்டு வைக்கும்போது பெருசாக்கிப் பார்த்தா உங்க மோதிரத்துக்குக் கீழ எட்டு சுவிட்சும் பளிச்சுன்னு தெரியுது. அதைப் பார்த்து வச்சு, கண்ட்ரோல் ரூம்லயும் சரிபார்த்தாச்சு.

தேவதாசன்: எப்ப?

செல்வி: சாப்பாட்டு நேரத்துல. போட்டோவை அப்படியே ஹெட் ஆபீசுக்கு அனுப்பிருதேன்னேன். வெள்ளத்துரைதான் கையைப் பிடிச்சுக்கிட்டான். 'நம்மளை மதிச்சு வந்து நின்ன மனுசன்க்கா, அவராச் சொன்னாச் சொல்லட்டும், இல்லைன்னா நான் போறேன்'னுட்டான்.

தேவதாசன்: அப்போ சிவப்பு லைட்டு... மினுக்குதுன்னியே?

செல்வி: அந்த ஏசியைக் கொஞ்சம் அமத்துங்க சார். ஒரு மணி நேரமாக் கன்வேயர் ஓடுத சத்தம் கேக்கும்.