ஆறு நாளும் தொண்ணூத்தெட்டு

கொரோனாவைப் பத்தி எண்ணிக்கையா அடுக்கிட்டேன்... மூணாவது வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விடுறது இங்கிருந்தே தெரியுது. சரி, ஒரு குட்டிக் கதைக்குள்ள போயிட்டு வந்துடுவோமா?

திண்டுக்கல்லுல அருணகிரின்னு ஒருத்தர். மின்வாரியத்துல வீடு வீடாப் போய் மீட்டர் ரீடிங் எடுத்து, ஓய்வு பெற்றவர். மனைவி பேரு தமயந்தி. ரெண்டாவது அலை நேரம். ஒருநாள் மதியம் ரசம் சாதம் சாப்பிட்டவர், ஒரு வார்த்தை பேசாம எழுந்து கை கழுவிட்டார். தமயந்தி அம்மாவுக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. ஏன்? அன்னிக்கு ரசத்துல உப்பே போடல! முப்பத்தோரு வருஷமா சமையல்ல குறை கண்டுபிடிச்ச மனுஷன்...

"ஏங்க, ரசம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தானே இருந்துச்சு."

"கிளம்புங்க. டெஸ்ட் எடுக்கணும்!"

மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்க. அவருக்குப் பாசிட்டிவ், அந்தம்மாவுக்கு நெகட்டிவ். லேசான காய்ச்சல்தான், வீட்டுலயே தனி அறையில இருங்கன்னு மாத்திரை கொடுத்தாங்க. விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டரும் கொடுத்தாங்க. "மூணு வேளையும் பாருங்க. தொண்ணூத்தி நாலுக்குக் கீழ இறங்கினா உடனே சொல்லணும்."

தினமும் காலையில சுகாதார நிலையத்துல இருந்து ஜெசிந்தான்னு ஒரு நர்ஸ் போன் பண்ணுவாங்க. "ரீடிங் எவ்வளவு சார்?" "தொண்ணூத்தெட்டு." மறுநாள்? "தொண்ணூத்தெட்டு." அதுக்கு மறுநாள்? நீங்களே சொல்லுங்க... ஆமா. ஆறு நாளும் தொண்ணூத்தெட்டு!

முதல் மூணு நாள்தான் அது நிஜம். நாலாவது நாள் தொண்ணூத்தி மூணு காட்டுச்சு. மனுஷன் மீட்டரைக் கழற்றித் தலையணைக்கு அடியில சொருகிட்டார். கூட வேலை பார்த்த சிநேகிதர் போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரல. அந்தப் பயம். எண்ணைப் பார்த்தாத்தானே ஆம்புலன்ஸ் வரும்?

அப்ப போன்ல என்ன சொல்றது? அதுக்கு அவருக்குப் பழகின வழி இருக்கே! ரீடிங் எடுக்கப் போற வீடு பூட்டியிருந்தா என்ன செய்வாங்க? போன தடவை என்னவோ அதையே போட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்க. அவர் உடம்பும் பூட்டின வீடாயிடுச்சு.

ஏழாவது நாள் ஜெசிந்தா விடல.

"சார், எனக்கே காலையில ஒண்ணு காட்டுது, சாயங்காலம் ஒண்ணு காட்டுது. உங்களுக்கு மட்டும் எப்படி சார் அசையவே மாட்டேங்குது? வீடியோ கால்ல வாங்க. விரலை மாட்டிக் காட்டுங்க."

மாட்டினார்... எண்பத்தெட்டு.

"இது ரிப்பேர்ம்மா! எனக்கு மூச்சே வாங்கல. இப்பத்தான் நாலு இட்லி சாப்பிட்டேன்!"

அறை வாசல்ல மாஸ்க்கோட நின்ன தமயந்தி அம்மா கேட்டாங்க.

"ஏங்க, எத்தனை பேர் 'மீட்டர் ரிப்பேர்'னு உங்ககிட்ட சண்டைக்கு வந்திருப்பாங்க? அப்ப என்ன செய்வீங்க?"

"பக்கத்துல... இன்னொரு மீட்டர் வச்சு சரிபார்ப்போம்."

"இன்னொரு மீட்டருக்கு நான் எங்க போவேன்? இன்னொரு விரல்தான் இருக்கு. அந்த மீட்டரை இப்படி நகர்த்துங்க."

சானிடைசர் போட்டுத் துடைச்சு, தன் விரல்ல மாட்டினாங்க. தொண்ணூத்தெட்டு.

அருணகிரி அந்த நம்பரைப் பார்த்தார். குரல் இறங்கிப்போச்சு.

"தமயந்தி... போனா திரும்பி வருவேனா?"

"சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். ஆனா இங்கேயே உட்கார்ந்திருந்தா என்ன ஆகும்னு அந்த மீட்டர் சொல்லிடுச்சு. சட்டையை மாட்டுங்க."

போன்ல இருந்து ஜெசிந்தா, "அம்மா, வண்டி கிளம்பிடுச்சு!"

ஆக்சிஜன் வச்சாங்க, ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க, குப்புறப் படுக்க வச்சாங்க. பதினோரு நாள். நடந்தே வீட்டுக்குள்ள வந்தார். ஒருநாள் தள்ளிப் போட்டிருந்தா எங்க கையில இருந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னாராம்.

நான் எதுக்கு இதைச் சொல்றேன்? மூச்சு வாங்கல, இட்லி இறங்குது, அதனால நல்லா இருக்கேன்னு நினைக்கிறோம் பாருங்க... இந்த நோய் அந்த இடத்துலதான் நம்மளை ஏமாத்துது. நான் சொல்றதையும் சந்தேகப்படுங்க, மருந்தைச் சந்தேகப்படுங்க, மிஷினையும் சந்தேகப்படுங்க. தப்பே இல்ல. ஆனா சந்தேகம் வந்தவன் என்ன செய்யணும்? இன்னொரு தடவை அளந்து பார்க்கணும். அளக்காமலே விட்டுட்டா... அதுக்குப் பேரு சந்தேகம் இல்லைங்க. பயம். பயப்படுங்க, பரவாயில்ல. விரலை மாட்டிக்கிட்டு பயப்படுங்க!